எடை குறையாமல் காணாமல் போன தண்ணீர்

"ஒரு கிலோகூடக் கொறையல," என்றான் அன்பரசன். "பதினாறாயிரத்து நானூத்தி எம்பது. மொத நாளு இன்னா காட்டுச்சோ, இன்னிக்கும் அதான் காட்டிகினு கீது."

செங்கொடி நம்பவில்லை. அவன் நாற்காலியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுத் தானே குனிந்து பார்த்தாள். எடை மேடைக் கேபினின் பெட்டியில் சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன. 16,480.

பக்கத்து மேசையில் இன்னொரு பெட்டி. அதில் பச்சை எண். தண்ணீர்த் தொட்டியின் இருப்பு. 251.

இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது.

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் ஓடுகிற வழியில் இருந்த கன்டெய்னர் யார்டு அது. ஒரு காலத்தில் லாரிகளை எடை போட்ட மேடை மூலையில் சும்மா கிடந்தது. அதன்மேல் நாற்பதடிக் கன்டெய்னர் ஒன்று. அதன் தலைமேல் இன்னொன்று. இரண்டுக்கும் வெள்ளை பெயின்ட். கீழே சமையல், வேலை, குளியல். மேலே படுக்கை. ஓரத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் எந்திரம். கதவில் அரக்கு சீல்.

உள்ளே மூன்று பேர் செவ்வாய்க் கிரகத்தில் இருந்தார்கள். இன்றோடு ஒன்பதாவது நாள்.

2004-ஆம் வருடம் மே மாதம். ஜனவரியில்தான் செவ்வாயில் வண்டி இறங்கின படம் எல்லாப் பேப்பரிலும் வந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அடையாறில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு வேகம் பிறந்துவிட்டது. மனிதன் அங்கே போனால் எதற்குள் வசிப்பான், எதைக் குடிப்பான், எத்தனை நாள் தாங்குவான்? பதினாலு நாள் சோதனை. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. உள்ளேயிருந்து ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது.

மொத்தம் நானூறு லிட்டர். குளித்தது, துவைத்தது, கழிவறையில் போனது, வியர்வையாகி ஏசியில் சொட்டியது, எல்லாமே எந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் தொட்டிக்கே திரும்பும். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வண்டலோடு நின்றுவிடும். இழப்பு அவ்வளவுதான். எட்டு நாளுக்கு இருபத்துநாலு போக, 376 இருக்க வேண்டும்.

இருப்பது 251. நூற்றிருபத்தைந்து லிட்டர் காணோம்.

வெளியே ஒழுகியிருந்தால் எடை மேடை சொல்லியிருக்கும். அதற்காகத்தான் கன்டெய்னரைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்ததே. உள்ளே ஒழுகியிருந்தால் தரை நனைந்திருக்கும். தரை காய்ந்து கிடக்கிறது என்று மூன்று பேரும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளேயும் இல்லை.

"பேயா இருக்குமோ," என்றான் அன்பரசன்.

"செவ்வாய்ல ஏதுண்ணா பேய்?"

"நம்மூர்லேந்து போன மூணு பேர்ல ஒர்த்தர் கூட்டிகினு போயிருந்தா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை. அந்தத் தண்ணீர்ச் சுற்றை வரைந்தவள் அவள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, மணலியில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் ஆறு வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தவள். அறக்கட்டளைக்கு வந்த பதினோரு வரைபடங்களில் அவளுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். பூனாவிலிருந்து வந்த வரைபடம் இரண்டாவது. அது இன்னும் அடையாறில் மேசைமேல்தான் இருந்தது.

காலை ஒன்பதரைக்கு டாக்டர் தண்டபாணி போன் செய்தார். அறக்கட்டளையின் தலைமை ஆய்வாளர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம்.

"என்னம்மா, கண்டுபிடிச்சியா?"

"பார்த்துகிட்டிருக்கேன் சார்."

"நாலு நாளா இதையேதான் சொல்றே. மூணு மணிக்கு நான் அங்கே வரேன். தண்ணி எங்கே போச்சுன்னு அப்போ எனக்குத் தெரியணும். தெரியலேன்னா கதவைத் திறந்து அவங்களை வெளியில கூப்பிட்டுடலாம். அடுத்த தடவை பூனா டிசைனை வெச்சுப் பண்ணிக்கலாம். சரியா?"

சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

ஐந்தரை மணி நேரம்.

முதல் சந்தேகம் எடை மேடைமேலேயே விழுந்தது. பழைய சாமான். ஒரே எண்ணில் சிக்கிக்கொண்டிருந்தால்?

அன்பரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினேழு வருடம் அந்த மேடையை ஓட்டினவன். "இன்னாது, என் வேபிரிட்ஜ் பொய் சொல்லுதா? இருபது கிலோ ஏறுனாலே நம்பரு மாறும். இரு காட்டறேன்." வெளியே போய் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த லோடுமேன்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு மேடை விளிம்பில் ஏற்றினான்.

16,880.

"நானூறு. ஆறு பேரு. கரீட்டா கீதா?"

"இதுல ஒர்த்தரு ரெண்டு பேருக்கு சமானமா இருக்காரே."

"அத்தையும் சேத்துதான் காட்டுது," என்றான் அன்பரசன். ஆறு பேரும் இறங்கினார்கள். எண் 16,480-க்கே வந்து நின்றது.

மேடை பொய் சொல்லவில்லை.

இரண்டாவது சந்தேகம் அவனுக்கே தோன்றியது. அனல்மின் நிலையத்துச் சாம்பல். ராப்பகலாக யார்டு முழுக்கப் படிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் கசிந்து வெளியே போக, அதே அளவுக்குச் சாம்பல் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தால் எடை மாறாமல்தானே இருக்கும்?

செங்கொடி அவனை ஒரு கணம் மரியாதையோடு பார்த்தாள். அடையாறில் ஒருத்தருக்கும் இது தோன்றியிருக்காது.

ஏணி போட்டு ஏறி, துடைப்பத்தால் கூரை முழுக்கக் கூட்டி, சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தான். தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். தராசில் வைத்தார்கள்.

எட்டு கிலோ.

நூற்றிருபத்தைந்து லிட்டருக்கு எட்டு கிலோ சாம்பல் போதாது. மணி பதினொன்றரை.

மிச்சம் இருந்தது உள்ளே இருக்கிறவர்கள். அவர்களிடம் கேட்பதுதான் இருப்பதிலேயே பெரிய பேஜார். செவ்வாய்க்குக் குரல் போய்ச் சேர நேரமாகும் இல்லையா? அதற்காக அறக்கட்டளை நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தது. இங்கே பேசினால் அதைப் பிடித்து வைத்து எட்டு நிமிடம் கழித்து உள்ளே விடும். உள்ளே பேசினால் எட்டு நிமிடம் கழித்து இங்கே வரும். முப்பதடி தூரத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்விக்கு விடை வாங்கப் பதினாறு நிமிடம். கேமராவும் கிடையாது. "துணி மாத்தற எடத்துல கேமரா வெச்சா நா வரல," என்று ரமாபாய் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

இன்னொரு விதியும் இருந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, என்ன குறைகிறது என்று உள்ளே சொல்லவே கூடாது. சொன்னால் நடத்தை மாறிவிடுமாம். கேட்கலாம், சொல்லக்கூடாது.

நேரத்தை மிச்சம் பிடிக்க மூன்று கேள்வியையும் ஒன்றாக அனுப்பினாள். தரையில் எங்கேயாவது ஈரம் இருக்கிறதா? யாருக்காவது வயிற்றுப்போக்கு இருக்கிறதா? உங்களில் அதிகமாகத் தண்ணீர் செலவழிப்பது யார்?

பதினாறு நிமிடம் கழித்து ஸ்பீக்கர் கரகரத்தது.

முதலில் ரமாபாய். புளியந்தோப்புக்காரி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "இல்ல கண்ணு. சுத்தமா இல்ல."

அடுத்தது அருள்நாதன். கல்மண்டபம். இருபத்தைந்து வருடம் கப்பல் இன்ஜின் அறையில் இருந்தவர். "அத்த அந்தப் பையன்கிட்ட கேளு. எனக்கு இன்னா தெரியும்?"

கடைசியாக ஷிபின். தண்டையார்பேட்டையில் அவன் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். குடும்பம் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். "ரெண்டு நாளா இருக்குக்கா. இப்ப பரவாயில்ல."

செங்கொடி ஸ்பீக்கரையே பார்த்தாள். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு?

"பையனுக்கு ரெண்டு நாளா ஈரம்," என்றான் அன்பரசன். "நர்ஸம்மாக்கு செலவு இல்ல. கப்பல்காரருக்கு வவுத்துப்போக்கு வந்ததே தெரியாது."

"அண்ணா, சும்மா இரு."

மறுபடி கேட்க நேரமில்லை. ஒன்பது நாளாகச் சேர்ந்திருந்த குறிப்புகளைத் தரையில் பரப்பினாள். தூக்கம் எத்தனை மணி, காய்ச்சல் உண்டா, எந்திரம் எத்தனை தடவை ஓடியது, சாப்பாட்டில் என்ன தீர்ந்தது. சாப்பாட்டுக் கணக்கு ரமாபாயுடையது. எந்த டின் காலியானாலும் அன்றைக்கே சொல்லிவிடுவாள்.

தண்ணீர் எந்தெந்த நாளில் எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்பதைப் பக்கத்தில் எழுதினாள். இரண்டாம் நாள் எட்டு லிட்டர். மூன்றாம் நாள் பதினைந்து. நாலாம் நாள் பத்து. ஐந்தாம் நாள் இருபத்திரண்டு.

இதில் என்ன ஒழுங்கு? ஒழுகுகிற தண்ணீர் இப்படி ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி ஒழுகாது.

ஐந்தாம் நாள் ரமாபாய் சொன்னது: பொரி டின் காலி, பால்பவுடர் டின் காலி.

செங்கொடி நிமிர்ந்தாள். பொரி டின் பதினைந்து லிட்டர். பால்பவுடர் டின் ஏழு.

இருபத்திரண்டு.

விரல் அடுத்த வரிக்கு ஓடியது. நாலாம் நாள், பிஸ்கட் டின் காலி. அது பத்து லிட்டர் டின். ஏழாம் நாள், அவல் பதினைந்து, ரஸ்க் பத்து. குறைந்த தண்ணீர் இருபத்தைந்து. நேற்று முறுக்கு டின்னும் மிக்ஸர் டின்னும். ஒவ்வொன்றும் பதினைந்து. முப்பது லிட்டர் காணோம்.

"சாப்பாடு தீந்த அன்னிக்கெல்லாம் தண்ணி கொறைஞ்சிருக்குண்ணா."

"தின்னா தாகம் எடுக்கும்ல."

"குடிக்கல. பிடிச்சு வெச்சிருக்காங்க. காலி டின்ல."

எடை மாறாததும் தரை நனையாததும் அந்த ஒரு வரியில் தெளிந்தன. தண்ணீர் கன்டெய்னருக்குள்ளேயேதான் இருக்கிறது. தொட்டியில் இல்லாமல் டின்னில் இருக்கிறது.

ஆனால் அடுத்த கேள்வி முந்தினதைவிட மோசமாக இருந்தது. எதற்கு? சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர். தீரவே தீராது என்று உள்ளே போகும்முன் ஒரு வாரம் வகுப்பெடுத்துச் சொன்னவள் அவளேதான். மூன்று பேரும் தலையாட்டியிருந்தார்கள். பைத்தியமா இவர்களுக்கு?

"அண்ணா, உங்க வூட்டுல தண்ணி எப்ப வரும்?"

"காலைல ஆறு மணி. லாரி. கொழா செத்து ஒரு வருஷமாச்சே."

"வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா கேள்வி இது? அண்டா, குண்டா, பக்கெட்டு, என் பொண்ணு ஸ்கூல் பாட்டிலு, கீறதெல்லாம் ரொப்பி வெப்போம்."

"நாளைக்கும் கட்டாயம் வரும்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இன்னா? வந்தாத்தான வந்துச்சி."

அவள் எழுந்தாள். சுவரில் ஒட்டியிருந்த தன் வரைபடத்தின் அருகே போனாள். தொட்டி. பம்பு. எந்திரம். அங்கிருந்து குழாய்க்குப் போகும் கோடு. அந்தக் கோட்டின் நடுவில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் கடிகார முள். பக்கத்தில் அவள் கையெழுத்து: காலை 6 முதல் 7. மாலை 5 முதல் 6.

டைமர்.

அந்த நேரம் தவிர மற்ற நேரத்தில் குழாய்க்குத் தண்ணீர் வராது. அறக்கட்டளை கேட்டதா? கேட்கவில்லை. அவர்கள் கொடுத்த குறிப்பில் தண்ணீர் எப்போதும் கிடைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எந்திரத்துக்கு ஓய்வு வேண்டும் என்றா? அது மணிக்கு இருபது லிட்டர் சுத்தம் செய்யும், ஓய்வே தேவையில்லை. பின்னே ஏன் போட்டாள்?

எவ்வளவு யோசித்தும் ஒரு காரணமும் அகப்படவில்லை. வரையும்போது யோசித்த ஞாபகமே இல்லை. குழாய் என்று ஒன்றை வரைந்தால் அதற்கு ஒரு நேரம் போட வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த எல்லாக் குழாய்க்கும் நேரம் இருந்தது.

நாலு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த குற்றவாளி, அந்த நாலு நாளும் அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது மாருதி வந்து நின்றது. தண்டபாணி மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார்.

டின் விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. "அப்போ உன் டிசைன்ல தப்பில்லே. இவங்கதான் ஒளிச்சு வெச்சிருக்காங்க. ஆள் தேர்வு சரியில்லே, அவ்வளவுதான். இவங்களை அனுப்பிட்டு வேற மூணு பேரைப் போட்டு மறுபடி ஆரம்பிப்போம். நீ கவலைப்படாதே."

எவ்வளவு சுலபம். சரி சார் என்று ஒரு வார்த்தை. வரைபடம் தப்பித்தது, வேலையும் தப்பித்தது. ரமாபாயும் மற்ற இரண்டு பேரும் தண்ணீர்த் திருடர்களாக வீட்டுக்குப் போவார்கள்.

அன்பரசன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"வேற மூணு பேரைப் போட்டாலும் பிடிச்சு வெப்பாங்க சார்," என்றாள் செங்கொடி. "குழாய்ல டைமர் இருக்கு."

"டைமரா? யார் போட்டா?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"தண்ணின்னா அதுக்கு ஒரு நேரம் இருக்குமில்ல சார்."

தண்டபாணி கைக்குட்டையை இறக்கினார். அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு. மாடியில் தொட்டி. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அவள் சொன்னதை அவர் இரண்டு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்ததும், இரண்டு முறையும் புரியாததும் முகத்திலேயே தெரிந்தது.

"உன் பேச்சை நான் எப்படி நம்பறது?"

"டைமரை எடுத்துட்டா அவங்களே கொட்டிடுவாங்க சார்."

"எடு. இப்பவே எடு. ஆனா உள்ளே ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னா அது சோதனை இல்லே, பாடம். தொட்டி இருநூறுக்குக் கீழே போனா மணி அடிக்கும், தெரியுமில்லே? அடிச்சா இன்னிக்கே இழுத்து மூடிடுவேன். பூனாதான்."

மூன்று பத்துக்குச் செங்கொடி சுவிட்சைத் திருப்பினாள்.

உடனே 251 என்பது 247 ஆனது.

"திறந்த உடனே எப்படிக் குறையுது?" என்றார் தண்டபாணி.

"கொழாய மூடியே வெச்சிருக்க மாட்டாங்க சார்," என்றான் அன்பரசன். "வந்தா சத்தம் கேக்கணுமே. அடியில ஒரு பக்கெட்டு வெச்சிட்டு தெறந்தே வுட்டுருப்பாங்க. எங்க வூட்லயும் அப்டிதான், லாரி வர்றதுக்கு முன்னாடி."

243. 239. 235.

ஏற வேண்டிய எண் இறங்கிக்கொண்டிருந்தது. இதை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நேரம்கெட்ட நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தால் அவள் தெருவில் யாராவது சேமித்ததைக் கீழே கொட்டுவார்களா? இருக்கிற மிச்சப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

227. 223. ஒரு நிமிடம் நின்றது. மறுபடி 219. 214.

மூன்று இருபதுக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. எட்டு நிமிடத்துக்கு முந்தின செவ்வாய். யாரோ பேசும் பொத்தானின்மேல் எதையோ வைத்துவிட்டார்கள்போல. எல்லாமே கேட்டது.

"ரமாபாய், தண்ணி, தண்ணி. கொழால தண்ணி."

"இன்னா இந்நேரத்துல வருது? அந்த வாளிய இங்க தள்ளு."

"அண்ணே, அது எனக்க டின்னு. வைங்க."

"உன் டின்னா? தூக்க முடியல. உள்ள இன்னா கீது?"

டின் மூடி திறக்கும் சத்தம்.

"நீ இன்னாடா, பொரி டின்னுல தண்ணி புடிச்சி வெச்சிகினு கீற."

"நீங்க மட்டும் யோக்கியமாக்கும். ரஸ்க் டின் எங்க போச்சு? நானும் ரெண்டு நாளா தேடுகேன்."

"சண்ட அப்புறம் போடலாம், எனக்கு வழி வுடுங்க. என் பால்பவுடர் டின்னு மேல கீது."

"ரமாபாய், நீயுமா?"

"பின்ன, நா மட்டும் வேடிக்க பாத்துகினு நிப்பனா? அந்த ஹெல்மெட்ட குடு."

"தலைல மாட்டறதுல தண்ணி புடிக்கிற."

"செவ்வாய்ல தண்ணியே இல்லன்னு கிளாஸ்ல சொன்னாங்கல்ல. தண்ணி இல்லன்னா தலய வெச்சிகினு இன்னா பண்றது?"

தண்டபாணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் மற்ற இரண்டு பேருக்கும் தெரியாமல். அறக்கட்டளையின் தேர்வுப் பட்டியலில் இதற்கு ஓர் இடமும் இல்லை.

209. 206.

"மூடிடட்டுமா?" என்று அவரே கேட்டார்.

"வேணாம் சார்."

204. 203.

மணி அடிக்கும் பெட்டியின்மேல் அன்பரசன் கையை வைத்திருந்தான். கை வைத்தால் மணி அடிக்காது என்று நினைத்தானோ என்னவோ.

202.

அங்கேயே நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். 202.

பத்து நிமிடம் கழித்து ஸ்பீக்கரில் ரமாபாய் மட்டும், முறையாக, பொத்தானை அழுத்தி. "செங்கொடி, மூணு மணிக்கு மேல கொழால தண்ணி வந்துச்சி. வந்துகினே கீது, நிக்கல. பாத்திரம் எல்லாம் ரொம்பிப் போச்சி, நாங்களே மூடிட்டோம். கொழா எதுனா ரிப்பேரா? சொல்லு."

செங்கொடி தண்டபாணியைப் பார்த்தாள்.

"ரிப்பேர் இல்லேன்னு மட்டும் சொல்லு," என்றார். "அதுக்கு மேல ஒரு எழுத்துகூடக் கூடாது."

"ரிப்பேர் இல்லக்கா," என்றாள் மைக்கில்.

ஐந்து மணிக்கு ஓர் அரை லிட்டர் இறங்கியது. திறந்து பார்த்திருக்கிறார்கள். ஐந்தரைக்கு இன்னொரு தடவை. ஆறு மணிக்கு மேலும் ஒரு தடவை, வழக்கமாக நின்றுபோகிற நேரம் அது. வந்தது. ஆறரைக்குத் தொட்டி 204 காட்டியது.

தண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவர் வந்தபோது பச்சை எண் 355-ல் நின்றிருந்தது. எடை மேடையில் அதே 16,480.

"373 இருக்கணும்," என்றார்.

"ஆமா சார். காலை பத்து மணியிலேர்ந்து 355-தான். அதுக்கு மேல ஏறல."

"பதினெட்டு லிட்டர் எங்கே?"

"ஆளுக்கு ஆறு."

"அதான் குழாயில எப்பவும் வருதே. ராத்திரி முழுக்கத் திறந்து பார்த்திருப்பாங்களே."

"பார்த்துட்டுத்தான் சார் மீதியைக் கொட்டினாங்க. இதைத் தர மாட்டாங்க."

"ஏன்?"

அவள் யோசித்தாள். சரியான பதில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "தெரியல சார். உள்ள நான் இருந்தாலும் தர மாட்டேன்."

தண்டபாணி ஜன்னலருகே போய் அந்த வெள்ளைப் பெட்டிகளை வெகுநேரம் பார்த்தார். கூரைமேல் மறுபடி சாம்பல் படியத் தொடங்கியிருந்தது.

"நிஜமாவே செவ்வாய்க்குப் போறவனும் இப்படித்தான் பண்ணுவானா, இல்லே எண்ணூர்ல மட்டும்தானா?"

"நெஜமா போறவன் எங்கேந்து வருவான்னு கேட்டு சொல்லுங்க சார்," என்றான் அன்பரசன். "எந்த ஊர்னு தெரிஞ்சா நா சொல்லிடுவேன்."

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. பிறகு செங்கொடி பக்கம் திரும்பினார். "டைமர் போட்டது நீதான்னு அறிக்கையில முதல் பக்கத்துலேயே வரும். உன் பேரோட."

"வரட்டும் சார்."

"வந்தா அதை நாலு பேர் படிச்சுச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார்."

"பூனா வரைபடத்திலே டைமர் கிடையாது. ஆனா அதை வெச்சுப் பண்ணியிருந்தா இந்தப் பதினெட்டு லிட்டரை நான் பார்த்திருக்கவே மாட்டேன்." தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "பதினாலு நாளும் ஓடட்டும். உன் டிசைனே இருக்கட்டும். ஆனா ஆளுக்கு ஆறு லிட்டர், அவங்கவங்க கைவசம் வெச்சுக்கறதுக்கு உள்ளே இடம் போடணும். தொட்டியில சேராத தண்ணி. இதை மட்டும் உள்ளே சொல்லிக்கோ, பரவாயில்லே. இன்னிக்கு நாலு மணிக்குள்ளே வரைஞ்சு அனுப்பு."

கார் போனது. செங்கொடி வரைபடத்தைச் சுவரிலிருந்து பிய்த்து மேசைமேல் விரித்தாள். அடிஸ்கேல், பென்சில், ரப்பர். கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா, வரைய மாட்டேங்கிற?"

"இடம் எங்கண்ணா இருக்கு?"

இல்லைதான். படுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் துணிப் பெட்டி. படுக்கைக்குக் கீழே பேட்டரி. அடுப்புக்கு மேலே மருந்து அலமாரி, ஏணிக்குப் பின்னால் ஏசி. ஓர் அங்குலம் விடாமல் அடைத்திருந்தாள், அதற்காகத்தான் அவள் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ் வைக்கக்கூட இந்தப் படத்தில் வழியில்லை. அதற்குள்தான் மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் நூற்றிருபத்தைந்து லிட்டரை ஒரு வாரம் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மைக்கை இழுத்தாள். "அக்கா, அண்ணா, ஷிபின், மூணு பேரும் கேளுங்க. யாரும் கோவிச்சுக்கப் போறதில்ல. ஆளுக்கு ஆறு லிட்டர் நீங்களே வெச்சுக்கலாம்னு மேலேயே சொல்லிட்டாங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அங்கயே இடம் வரைஞ்சுடறேன்."

பதினாறு நிமிடம். அன்பரசன் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

"தண்ணியா?" என்றது ரமாபாயின் குரல். "என்னாண்ட இன்னா தண்ணி கீது கண்ணு. எல்லாத்தையும் ஊத்திட்டனே. அந்தப் பையன கேளு."

"எக்கா, சத்தியமா எனக்கிட்ட ஒரு சொட்டு கிடையாது. அருள் அண்ணன்கிட்ட வேணும்னா கேளுங்க."

அருள்நாதனின் குரல் வரக் கொஞ்சம் தாமதமானது. "இன்னா தண்ணி? எந்தத் தண்ணி? நா படுத்துகினு இருந்தேன்மே."

ஸ்பீக்கர் நின்றது. செங்கொடி பச்சை எண்ணைப் பார்த்தாள். 355. சிவப்பு எண்ணைப் பார்த்தாள். 16,480. பிறகு அடிஸ்கேலைப் படத்தின்மேல் வைத்து, படுக்கையிலிருந்து ஏணி வரைக்கும், ஏணியிலிருந்து அடுப்பு வரைக்கும், தானே வரைந்த வீட்டை முதல் தடவையாகப் பார்க்கிறவள்போல அளக்க ஆரம்பித்தாள்.